இக்கரையில் ஒரு வாடகை வீடு

குடியிருக்கும் ஊரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை, தாமிரவருணிக் கரையில் வாழும் சாதாரண மனிதர்க்குக் கிடைத்து ஏறக்குறைய ஒன்றேகால் நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் ஒருவர் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருப்பார் என்பதை அவருடைய பிறப்பே தீர்மானித்து வந்தது. பிறந்த ஊரில் பிழைப்பு இல்லாதவர்க்கு, வேலை கொடுத்த பண்ணையாரோ ஆலை முதலாளியோ தோட்டத்துத் துரையோ அதைத் தீர்மானித்தார்கள். 1902-ஆம் ஆண்டில் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரையிலும், மறு ஆண்டில் அங்கிருந்து செங்கோட்டை வரையிலும் இருப்புப்பாதை போடப்பட்டு, காலையில் பட்டணத்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவது, சொந்த வண்டி வைத்துக்கொள்ள இயலாதவனுக்கும் சாத்தியம் என்று ஆன பிற்பாடே, உத்தியோகம் ஓரிடத்திலும் வாசம் வேறோரிடத்திலுமாக ஜீவனத்தை அமைத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் இந்தப் பள்ளத்தாக்கில் வேர்கொண்டது. வாடகைக்கு வீடு பார்ப்பது அற்பமான லௌகிக விவகாரம் என்று கருதுகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். ஓர் ஊரை விரும்பித் தேர்ந்து, அங்கே ஒரு வீட்டைக் கேட்டு, கேட்ட வீடு கிடைத்து, அதில் பால் காய்ச்சிக் குடிபுகுவது என்பது நம்முடைய சமூக சரித்திரத்தில் மிகவும் தாமதமாக வந்த சுதந்திரம். அது இன்னும் எல்லோருக்கும் வந்து சேர்ந்தபாடில்லை.

திருநெல்வேலிக்கு மாற்றலாகி வருகிற ஆசிரியர்களும், ஆஸ்பத்திரிச் செவிலியர்களும், கருவூலத்து எழுத்தர்களும், வங்கிக்காரர்களும் வந்த முதல் வாரத்தில் கேட்கிற கேள்வி, எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்பதுதான். பெருமாள்புரத்திலும் மகாராஜநகரிலும் தியாகராஜநகரிலும் ஒரு நடுத்தரக் குடும்பம் கொடுக்கக்கூடிய வாடகையைத் தாண்டி விலை ஏறிவிட்டது. ஆகவே ஆற்றை ஒட்டி மேற்கே போகும் ஊர்களின் பக்கம் அவர்கள் பார்வை திரும்புகிறது. என்னைக் கேட்பவர்களிடம் நான் தயக்கமின்றிச் சேரன்மகாதேவியைச் சொல்லுகிறேன். சொல்வதற்குரிய காரணங்கள் எவை, சொல்லும்போதே மனத்தை உறுத்துகிற விஷயம் எது என்பதைத்தான் இங்கே விஸ்தாரமாக எழுத நினைக்கிறேன்.

முதலில் ஆற்றின் கரையைக் கவனிக்க வேண்டும். வீடு தேடுகிறவர்களில் பெரும்பாலோர் கிலோமீட்டரைக் கணக்கிடுகிறார்களே ஒழிய, தாம் வேலை பார்க்கும் இடம் வடகரையில் இருக்கிறதா, தென்கரையில் இருக்கிறதா என்று யோசிப்பதில்லை. திருநெல்வேலி டவுனும், ரயில்வே சந்திப்பும், பேட்டையும் வடகரையில் உள்ளவை. பாளையங்கோட்டையும், மேலப்பாளையமும், ஆட்சியர் அலுவலகம் அமைந்த கொக்கிரகுளமும், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் ஐகிரவுண்டும், வேய்ந்தான்குளத்துப் புதிய பேருந்து நிலையமும் தென்கரையைச் சேர்ந்தவை. இவ்விரண்டுக்கும் இடையில் தோணியையே நம்பி ஜனங்கள் காத்துக்கிடந்த காலம் ஒன்று இருந்தது; 1843-இல் சுலோசன முதலியார் தம்முடைய சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் கட்டிக்கொடுத்த பின்புதான் அந்தத் துன்பம் நீங்கியது. நீங்கியது என்றாலும், காலை 9 மணிக்கு அந்தப் பாலத்தின் மேல் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு ஆறு இன்னமும் ஒரு தடையாகத்தான் இருக்கிறது. சேரன்மகாதேவி தென்கரை ஊர். அங்கிருந்து பத்தமடை, மேலச்செவல், முன்னீர்பள்ளம் வழியாக மேலப்பாளையம் வந்து சேரும் அம்பை (அம்பாசமுத்திரம்) சாலை ஆற்றைக் கடப்பதே இல்லை. ரயிலோ, சேரன்மகாதேவிக்கும் பேட்டைக்கும் இடையில் ஆற்றைத் தாண்டி வடகரைக்குச் சென்று, டவுன் ஸ்டேஷனில் நின்று, சந்திப்பை அடைகிறது. இதனால் பாளையங்கோட்டையில் வேலை பார்ப்பவர் பஸ்ஸையும், டவுன் கடைவீதியிலோ சந்திப்பை அடுத்தோ வேலை பார்ப்பவர் ரயிலையும் பற்றிக்கொண்டால், பட்டணத்துக்குள் நுழைந்த பிறகு இன்னொரு வண்டி மாறும் சிரமம் அநேகமாக இல்லாமற் போகிறது. பிரயாணத்தில் மனிதனைக் களைக்கச் செய்வது தூரமன்று; நடுவழியில் இறங்கி, இன்னொன்றுக்குக் காத்து நின்று, முண்டியடித்து ஏறுவதுதான். ஒரே வண்டியில் அரைமணி உட்கார்ந்து வருகிறவன், இரண்டு வண்டி மாறிக் கால்மணியில் வருகிறவனைக் காட்டிலும் தெளிந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

சேசரே மார்க்கெட்டி என்னும் இத்தாலிய இயற்பியல் அறிஞர் 1994-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனிதர்கள் கால்நடையாகச் சென்ற காலத்திலும், குதிரையில் சென்ற காலத்திலும், மோட்டாரில் செல்லும் காலத்திலும் நாளொன்றுக்குப் போகவர ஏறக்குறைய ஒருமணி நேரத்தையே பிரயாணத்துக்கென்று செலவிட்டு வந்திருக்கிறார்கள் என்றும், வாகனத்தின் வேகம் கூடக்கூட அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, தூரத்தைத்தான் நீட்டிக்கொள்ளுகிறார்கள் என்றும் விளக்கினார். அந்தக் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால், சந்திப்பிலிருந்து ரயிலில் அரைமணி அளவில் எட்டுகிற, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேரன்மகாதேவி சரியாக அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. வீரவநல்லூரும் கல்லிடைக்குறிச்சியும் அதைச் சற்றுத் தாண்டிப் போகின்றன. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பொறுமையை நான் வணங்குகிறேன்.

ஆனால் ரயிலை மாத்திரம் நம்பி வீடு பார்க்கக் கூடாது. இந்தப் பாதையில் ஓடும் பாசஞ்சர் வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. காலையில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குள் ஆபீஸ் திறந்து பாதி வேலை முடிந்திருக்கும். மீட்டர்கேஜை அகலப்பாதையாக மாற்றுவதற்காகச் சில ஆண்டுகள் இந்த வழியில் ரயிலே ஓடாமல் இருந்து, 2012-இல்தான் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அந்தச் சில ஆண்டுகளில், ரயிலை நம்பி மேற்கே வீடு பார்த்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. சேரன்மகாதேவிக்கு இருக்கும் பெரிய சௌகரியமே, தண்டவாளமும் சாலையும் தனித்தனி வழியில், தனித்தனிக் கரையில் பட்டணத்துக்குள் நுழைவதுதான். ஒன்று அடைபட்டால் மற்றது திறந்திருக்கும். பெண்களுக்கு இதில் இன்னொரு விசேஷம் சேர்ந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாம் என்று ஆனதிலிருந்து, குடும்பத்தில் ஆணுக்கு எது கிட்டம் என்பதை மட்டும் வைத்து ஊரைத் தீர்மானித்து வந்த வழக்கம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணும், தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தும் பெண்ணும், தங்கள் சம்பளத்தில் கணிசமான பங்கு பஸ்ஸுக்கே போய்விடும் என்பதற்காக வேலையையே விட்டுவிட்ட காலம் போய், எந்த நிறுத்தம் வரைக்கும் அந்த பஸ் வருகிறது என்று விசாரித்து வீடு பார்க்கும் காலம் வந்திருக்கிறது. வீட்டை முடிவு செய்வதற்கு முன், அந்த வீட்டுப் பெண் இரவு 9 மணிக்கு மேல் இறங்க வேண்டியிருந்தால் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் தெருவிளக்கு இருக்கிறதா, வழியில் திறந்த கடை இருக்கிறதா என்பதை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது, பத்துப் பேருடைய அபிப்பிராயத்தைக் கேட்பதைவிட மேல்.

போக்குவரத்து இப்படி. இனி ஊர். சென்னையில் 1931-ஆம் ஆண்டு கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் விட்டபோது, வழிநெடுக இருந்த வயல்களும் ஏரிக்கரைகளும் கொஞ்சங் கொஞ்சமாக மனைகளாகி, ரயில் வந்ததனாலேயே பெரிய குடியிருப்புகள் எழுந்தன. பகல் முழுவதும் ஆண்கள் இல்லாத தெருக்களும், இரவில் உறங்குவதற்காக மாத்திரம் ஜனங்கள் வந்து சேரும் வீடுகளும் அப்படித்தான் பெருகின. தாமிரவருணிக் கரையில் நடந்தது வேறு. ரயில் வருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர்கள் இருந்தன. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் சேரன்மகாதேவியை நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கின்றன. பக்தவத்சலப் பெருமாள் கோயிலும், நவகைலாயங்களில் இரண்டாவதாக எண்ணப்படும் கைலாசநாதர் கோயிலும் ஊரின் தொன்மையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. கன்னடியன் கால்வாய் ஊர்ப்புறத்து வயல்களுக்கெல்லாம் நீர் பாய்ச்சுகிறது. காரும் பிசானமும் இன்னமும் ஆண்டின் இரு பெரும் பருவங்களாக, வாடகைக்கு வந்த எழுத்தர் வீட்டுப் பேச்சிலும் இடம்பெறுகின்றன. கிழக்கே கோரைப்பாயால் கீர்த்தி பெற்ற பத்தமடை. மேற்கே மண்பாண்டத் தொழிலுக்கும், அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கும் பெயர்போன காருக்குறிச்சி. அதற்கடுத்து நெசவாளர் நிறைந்த வீரவநல்லூர். இவை எவையும் பட்டணத்தின் நிழலில் பிழைக்கிற ஊர்கள் அல்ல. இங்கே வந்து தங்குகிறவன், தான் இல்லாவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கும் ஒரு ஜீவிதத்தின் ஓரத்தில் வந்து அமர்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, ஆற்றுக்குப் போய் முழுகிவிட்டு, வருகிற வழியில் காய்கறி வாங்கி, அண்ணாச்சி கடையில் காப்பி குடித்துவிட்டு, அன்றைய நாளிதழைத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம். பட்டணத்தின் நினைவே வராது. ஆறு முன்போல் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மணலை அள்ளி அள்ளிப் படுகை பள்ளமாகிவிட்டது, ஊர்க் கழிவெல்லாம் அதிலேயே வந்து கலக்கிறது. ஆயினும் தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலை அடைகிற ஜீவநதியின் கரையில், கோடையிலும் நீரோட்டத்தைக் கண்ணால் கண்டுகொண்டு குடியிருக்கும் பாக்கியத்தை, மாத வாடகையில் கணக்கிட வழியில்லை.

இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு என்பவர், பட்டணத்தின் தொழிலும் கிராமத்தின் காற்றும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும் தோட்ட நகரங்களை அமைக்க வேண்டும் என்று 1898-இல் ஒரு நூல் எழுதினார். அவருடைய கொள்கையின்படி லெட்ச்வொர்த் என்னும் நகரம் 1903-இல் எழத் தொடங்கியது. செங்கோட்டைக்கு நம்முடைய ரயில் போய்ச் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். ஹோவர்டு எதைக் கட்டியெழுப்ப விரும்பினாரோ அதன் வெளித்தோற்றம் முழுவதும், வாழைத்தோட்டமும் கோயிலும் கடைவீதியும் கைத்தொழிலும் ஒருங்கே சேர்ந்ததாக, நம் ஆற்றங்கரையில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்த ஆங்கிலேயர் எண்ணிப் பார்த்திராத ஒன்றும் இங்கே இருந்தது. தெருவுக்குத் தெரு பிறப்பால் வேலி போட்டு வைத்திருந்தோம்.

அதற்கு வருவதற்கு முன்பு இன்னொன்று. பிரயாணமே இல்லாமல் இருந்தால் நல்லதல்லவா, வேலை செய்யும் இடத்திலேயே வீடும் இருந்துவிட்டால் எத்தனை சுகம் என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட வீடுகள் இதே மாவட்டத்தின் மலைமேல் இருந்தன. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட காட்டில், பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் உண்டாக்கிய மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து முதலிய தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் லயங்கள் என்னும் வரிசை வீடுகள் செடிகளுக்கு நடுவிலேயே இருந்தன. கதவைத் திறந்தால் வேலை. பஸ்ஸும் இல்லை, சீசன் டிக்கெட்டும் இல்லை. அங்கே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே முதுமை எய்தியவர்கள் மூன்று நான்கு தலைமுறையாக இருந்தார்கள். குத்தகை முடிவதற்கு முன்னதாகவே 2024-இல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டு, விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் விட்டு இறங்க வேண்டியதாயிற்று. இறங்கியவர்கள் சமவெளியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல், முதன்முறையாக, எந்த ஊரில் குடியிருப்பது என்று யோசிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. அந்தச் செய்திகளைப் படித்த நாட்களில்தான், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த அரைமணி தூரத்தின் மகத்துவம் எனக்கு விளங்கிற்று. வேலை கொடுப்பவர் கையில் வீட்டுச் சாவியும் இருக்குமானால், வேலையைப் பற்றி வாய் திறக்க மனிதன் அஞ்சுவான். சம்பளம் ஒருவரிடம் வாங்கி, வாடகை இன்னொருவரிடம் கொடுக்கிறவன், ஒருவரோடு மனஸ்தாபம் வந்தாலும் இன்னொரு இடத்தில் காலூன்றி நிற்கலாம். தினமும் ரயிலில் கழிகிற அரைமணியை வீண் என்று சொல்லுகிறவர்களோடு நான் ஒப்பமாட்டேன். அது நம் சுதந்திரத்துக்கு நாம் செலுத்துகிற நியாயமான விலை.

இனி வீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் வெளித்திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று நீளவாட்டில் அறை பின் அறையாகப் போகும். நடுவில் வெளிச்சம் குறைவு, ஆனால் சித்திரை வெயிலில் உள்ளே குளிர்ச்சி. நாலைந்து குடும்பங்கள் ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் பகிர்ந்துகொள்ளும் வளவு வீடுகளில் வாடகை குறைவு. அங்கே ரகசியம் என்பது இராது, ஆபத்துக்கு ஆள் இல்லை என்பதும் இராது. சிறு குழந்தையை வைத்துக்கொண்டு இருவரும் வேலைக்குப் போகிற தம்பதிகளுக்கு நான் வளவு வீட்டையே சிபாரிசு செய்வேன். ஒத்திக்கு வீடு எடுப்பதை மாற்றல் உத்தியோகத்தில் உள்ளவர்கள் தவிர்ப்பது நலம். மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பது கவர்ச்சியாகத் தோன்றினாலும், மாற்றல் உத்தரவு வந்த மாதத்தில் அந்தத் தொகை திரும்பி வருவதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சொல்லுகிறது. சிற்றூர்களில் வாய்ச்சொல்லே போதும் என்று இருவரும் இருந்துவிடுவது வழக்கம். பரஸ்பர நம்பிக்கை நல்லதுதான், எழுத்து அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாது. ஆற்றங்கரை ஊரில் வீடு பார்க்கிறவர்கள் வெள்ளத்தைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1992-இலும் 2023 டிசம்பரிலும் தாமிரவருணி கரைமீறி வந்தது; அந்த நாட்களில் எந்தத் தெரு வரைக்கும் நீர் ஏறிற்று என்பதை அங்கே முதியவர் எவரைக் கேட்டாலும் சுவரைத் தொட்டுக் காட்டுவார்.

சேரன்மகாதேவியில் உபகலெக்டர் அலுவலகம் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. ஆகவே வெளியூரிலிருந்து உத்தியோக நிமித்தம் வருகிறவர்களை இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியிருக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். புதிய முகத்தைக் கண்டு தெருவே எட்டிப் பார்க்கும் வழக்கம் இங்கே குறைவு. இதையெல்லாம் எண்ணித்தான், வருகிறவர்களை இங்கே வரச் சொல்லுகிறேன். சொல்லும்போதே மனத்தை உறுத்துகிறது என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது இதோ வருகிறது.

இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் ஒரு நூற்றாண்டுக்கு முன் அறிந்துகொண்டது ஒரு பந்தியினால்தான். வ.வே.சு. ஐயர் சிறையிலிருந்து மீண்டபின் 1922-இல் தொடங்கி இங்கே நடத்திய தமிழ்க் குருகுலம், தேசிய உணர்ச்சியும் தாய்மொழிக் கல்வியும் உடலுழைப்பும் சேர்ந்த ஒரு புதிய வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தில் பிறந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் உதவுவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாயைக் கொடுத்தும் விட்டது. அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்படுகிறது என்ற செய்தி வெளியானபோது, காங்கிரஸ் செயலாளராக இருந்த ஈ.வெ. ராமசாமி நாயக்கர் மீதித் தொகையைத் தர மறுத்தார். வரதராஜுலு நாயுடு ஊர் ஊராகப் பேசியும் எழுதியும் கண்டித்தார். பெற்றோருக்குக் கொடுத்த வாக்குக்காக இரண்டு பிள்ளைகளுக்கு மாத்திரமே அந்த ஏற்பாடு என்பது ஐயர் தரப்பின் சமாதானம்; ஒரே கூரையின்கீழ் படிக்கிற பிள்ளைகளுள் ஒருவருக்காகிலும் தனி இலை எதற்கு என்பது எதிர்த் தரப்பின் வினா. விவகாரம் காந்தியடிகள் வரைக்கும் சென்றது. ஐயர் 1925-இல் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகி, அதே ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசத்துக் கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை இழந்தார். அவருடைய தியாகத்தையும் புலமையையும் நான் மனமார மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பந்தி விஷயத்தில் நியாயம் எதிர்த் தரப்பில்தான் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ராமசாமி நாயக்கர் வெளியேறியதும், அதன்பின் இந்த நாட்டில் நடந்த மாறுதல்களும் எல்லோரும் அறிந்தவை. அந்த மாறுதல்களுக்கு இந்தச் சிறிய ஊரும் ஒரு காரணம்.

பந்தி மாறிவிட்டது. கல்யாண வீட்டிலும், காப்பிக் கடையிலும், ரயில் பெட்டியிலும் பக்கத்தில் இருப்பவர் யார் என்று இன்று கேட்பாரில்லை. வாடகை வீட்டு வாசலில் மாத்திரம் அந்தக் கேள்வி இன்னமும் உயிரோடு இருக்கிறது. கேட்கிற முறைதான் நயமாகிவிட்டது. "சாருக்கு எந்த ஊரு?" என்று தொடங்கும், "அங்க எந்தத் தெரு?" என்று நகரும், "கறி மீன் உண்டுமா?" என்று ஒரு சுற்று சுற்றும்; கடைசியில், சற்றுக் குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுக?" என்று வந்து நிற்கும். விடை பிடிக்கவில்லையென்றால் மறுநாள் போனில், சொந்தக்காரர் பிள்ளையே குடிவரப் போவதாகத் தகவல் வரும். நான் நெருங்கியறிந்த ஆசிரியர் ஒருவர், திருநெல்வேலியிலிருந்து அம்பை வரைக்கும் இந்தப் பாதையின் ஊர்களில் தம் பிறப்பை மறைக்காமல் வீடு கேட்டு, ஒவ்வொன்றிலும் அதே சொந்தக்காரர் பிள்ளையைச் சந்தித்து, இறுதியில் தம் இனத்தார் மிகுந்த தெரு ஒன்றிலேயே, வேண்டாத தூரத்தில், வேண்டாத வாடகைக்குத் தங்கினார். அவருடைய பிரயாணம் தினமும் இரண்டு மணி நேரம். சாலை நீண்டதால் அந்த இரண்டு மணி ஆகவில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரால் எவரையும் எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பது குற்றம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் வராத அந்தச் சொந்தக்காரர் பிள்ளையை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவது?

ஊர்களை ஒப்பிடுகிறவர்கள் வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம், பஸ் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையின் தலைப்பில், இந்த ஊரில் வீடு கேட்டால் எவருக்கும் கிடைக்குமா என்ற வினாவை வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கிடைக்கும் என்ற தெருக்கள் சேரன்மகாதேவியில் இருக்கின்றன. அலுவலகங்களை ஒட்டியும், ஸ்டேஷன் பக்கத்துப் புது மனைகளிலும் அவை பெருகி வருகின்றன. அக்ரஹாரத்து வீடுகள் பலவற்றின் உரிமையாளர்கள் சென்னைக்கும் பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டபடியால், பூட்டிக் கிடப்பதைவிடக் குடியிருப்பது மேல் என்று வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகள் அந்நிய தேசங்களில், எந்தக் கேள்வியும் கேட்காத வெள்ளைக்காரர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்பதை அவர்கள் நினைவில் கொண்டால், இந்தக் கரையில் பாதி வீடுகள் நாளைக்கே திறந்துவிடும்.

ஆகவே இந்தப் பாதையில் வீடு வைத்திருக்கும் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். வருகிறவரிடம் என்ன உத்தியோகம், எத்தனை பேர், மாதம் எந்தத் தேதியில் வாடகை தருவீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். அதற்கு மேல் கேட்க வேண்டாம். வீடு தேடி வருகிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: மேமாத இறுதியில் மாற்றல் உத்தரவுகள் வந்து, ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் நல்ல வீடுகள் போய்விடும், அதற்கு முன்னரே வந்து, ஒருநாள் காலை ரயிலிலும் ஒருநாள் மாலை பஸ்ஸிலும் போய்வந்து பார்த்து, உங்கள் பிறப்பைக் கேட்காத வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.